கூச்சிங் போகும் காரில் ஊறுகாய்

என்னங்க,

நம் நளினியின் காரை அவள் இருக்கும் கூச்சிங்கிற்குக் கப்பலில் அனுப்ப, புரோக்கர் தம்பியின் லாரி மத்தியானம் வருகிறது. சாவி சாமி மேடையில். தம்பியிடம் மறுபடியும், "கப்பல் முழுகாதுதானே?" என்று கேட்காதீர்கள். "அண்ணன் இன்னும் எத்தனை தடவைதான்க்கா கேப்பாரு?" என்று அழாத குறையாகச் சொன்னார்.

"காருக்குள்ள ஒன்னும் வைக்காதீங்க லா" என்று படித்துப் படித்துச் சொன்னாரே! ஸ்பேர் டயருக்கு அடியில் நீங்கள் ஒளித்த மாங்காய் ஊறுகாயைக் கண்டுபிடித்துவிட்டேன். மகளுக்குக் காலிக் காரை அனுப்பக்கூடாது என்று நேற்று நீங்கள் குதித்தபோதே எனக்குச் சந்தேகம்.

ரசம் அடுப்பில் இருக்கிறது. அந்த ஊறுகாயையே தொட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

ரமணி

பி.கு.: கோபம் வேண்டாம். ஊறுகாய் ஒழுகும். அதே இடத்தில் முறுக்கு டின் வைத்திருக்கிறேன். தம்பி பார்த்துவிட்டால் நீங்கள் வைத்ததென்று சொல்லிவிடுங்கள். உங்களைச் சொன்னால்தான் நம்புவார்.