பன்னிரண்டு மணிக்கு ஞானஸ்நானம்

ஜூன் 24, 2019, திங்கள். பூயெப்லா நகரம்

பேக்கரியில் அடுப்பு பழுது. மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன். என் தங்கை ஃபேமியா. இரண்டு வருடங்களுக்குப் பிறகு அவள் குரல்.

எங்கள் ஊர்க் கடையிலிருந்து பேசினாள். பின்னால் யாரோ உருளைக்கிழங்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். சௌக்கியமா என்றெல்லாம் கேட்கவில்லை. பிள்ளைக்கு அடுத்த மாதம் இருபதாம் தேதி ஞானஸ்நானம், அப்பா பெயரையே வைக்கிறோம், எலியாஸ், நீதான் ஞானத்தாய் என்றாள். "பன்னிரண்டு மணிக்கு. ஃபாதர் மாசத்துக்கு ஒரு நாள்தான் மலையேறி வரார். எட்டுப் பிள்ளைங்க வரிசையில இருக்கு, யாருக்காகவும் நிக்கமாட்டார். பன்னிரண்டுன்னா பன்னிரண்டு, ஓதிலியா." வைத்துவிட்டாள்.

முன்பெல்லாம் அக்கா என்பாள். அப்பாவை அடக்கம் செய்த அன்றோடு அது நின்றது. ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ் வழியில் நின்றுபோய், நான் போய்ச் சேர்ந்தபோது மண்ணைப் போட்டு மூடிப் பூவும் வைத்துவிட்டிருந்தார்கள். கல்லறை வாசலிலேயே சொன்னாள்: "நீ வராம இருக்க மாட்ட. எல்லாம் முடிஞ்ச பிறகு வருவ, அவ்வளவுதான்." பதிலுக்கு நானும் ஏதேதோ சொன்னேன். அவள் சொன்னது உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

இந்த முறையும் தாமதமானால்? இன்னொரு முறை கூப்பிட மாட்டாள். எனக்கே தெரியும்.

ஜூலை 18, வியாழன்

வெள்ளை அங்கி தயார். குட்டிச் செருப்பு, மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கியாயிற்று. ஞானத்தாய் வெறுங்கையோடு போக முடியாது. அங்கியின் ஓரத்தில் எலியாஸ் என்று நானே தைத்தேன், விரல் முழுக்க ஊசி குத்து. என் சின்னவள் நீவெஸ் அதைத் தன் பொம்மைக்குப் போட்டுப் பார்த்து அகப்பட்டுக்கொண்டாள். மூன்று வயதுக்கு நல்ல ரசனை.

சனிக்கிழமை காலை ஆறுக்குக் கிளம்பினால் போதும் என்கிறான் என் புருஷன் எவரார்தோ. நான்கு என்றேன். ஐந்தில் சமாதானம்.

ஜூலை 20, சனி. காலை 10.25, வண்டிக்குள்

சாலை மறியல். குறுக்கே ஒரு லாரி, பழைய டயர்கள், ஒரு கயிறு. எட்டே முக்காலிலிருந்து இங்கேயே நிற்கிறோம். இந்த ஊர்க் குழாயில் மூன்று மாதமாகத் தண்ணீர் இல்லையாம். நியாயம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் இன்றைக்கா?

கயிற்றைப் பிடித்திருக்கும் தொப்பிக்காரர், "பத்து மணிக்கு அவுத்துடுவோம்மா" என்று வாய் நிறையச் சொன்னார். இப்போது பத்து இருபத்தைந்து. போய்க் கேட்டால், "பத்துன்னு சொன்னோம்ல" என்கிறார். வெட்கமே இல்லாத மனுஷன்.

பெரியவன் ஃபெர்மின் இரண்டு முறை கற்றாழைப் பக்கம் போய்வந்தான். இரண்டாம் முறை நாய் துரத்தி, பாதியிலேயே ஓடிவந்து, இப்போது வேறு கால்சட்டை. ஆறு வயது, மானம் போய்விட்டது, யாரோடும் பேசமாட்டானாம். எவரார்தோ இருக்கையைச் சாய்த்துத் தூங்குகிறான் — எப்படி முடிகிறது இந்த மனுஷனால்?

இதில் நீவெஸ். சத்தமே வரவில்லையே என்று திரும்பினால், அங்கி மடியில். கையில் புளி மிட்டாய். வெள்ளைத் துணியின் நெஞ்சில் ஐந்து விரலும் அப்படியே. புளியும் மிளகாயும்.

அடிச்சிட்டேன். கையில ஒண்ணு. அவ அழக்கூட இல்ல, என்னையே பாத்தா. ஏன் அடிச்சேன்? அவளா மறியல் பண்றா?

இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரப் பாதை இருக்கிறது. பதினொன்றுக்குத் திறந்தாலும் — வேண்டாம். நினைக்காதே.

ஜூலை 21, ஞாயிறு. சான் மெல்சோர், ஃபேமியா வீட்டு முற்றம்

காலை. பிள்ளைகள் கோழிகளைத் துரத்துகிறார்கள். நேற்று நடந்ததை விட்டுவிடாமல் எழுத வேண்டும்.

நோட்டை மூடிவிட்டு அங்கியோடு இறங்கினேன். நேராகக் கயிற்றருகே போய்த் தொப்பிக்காரரைப் பிடித்து ஏசினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாதா, பிள்ளை குட்டியோடு வருகிறவர்கள் மனிதர்களாகத் தெரியவில்லையா — எல்லாம் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பக்கத்தில் சோளக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். தெல்ஃபினா என்று பெயர், என் வயதுதான் இருக்கும். எதுக்கும்மா இந்தச் சத்தம், யார் செத்தது என்றாள். யாரும் சாகவில்லை, ஞானஸ்நானம் என்று அங்கியைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஐந்து விரலையும் எண்ணுவதுபோல் பார்த்தாள். பிறகு தன் வாளியை இழுத்தாள்.

ஒரே ஒரு வாளி. அவ்வளவு பேருக்கும் கஞ்சிக்கும் காப்பிக்கும் அன்றைக்கு அதுதான் தண்ணீர்.

வேண்டாம், கொடுத்துவிடுங்கள் என்று கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"தண்ணிக்காகத்தான் இங்க உக்காந்திருக்கோம். அதுக்காக ஒரு பிள்ளையோட ஞானஸ்நானத்துக்கு இல்லேன்னு சொல்லுவோமா?"

எலுமிச்சையும் சோப்பும் தேய்த்து, குவளை குவளையாக ஊற்றி, அரை வாளி தீரும்வரை அலசினாள். அலசிய தண்ணீரைக்கூடத் தரையில் விடாமல் ஏனத்தில் பிடித்து ஒரு செடிக்கு ஊற்றினாள். ஃபெர்மினையும் நீவெஸையும் கூப்பிட்டுக் கஞ்சி கொடுத்தாள். ஃபெர்மின் அங்கேதான் மறுபடி வாயைத் திறந்தான், இன்னொரு குவளை கேட்பதற்கு. நான் எப்படி நன்றி சொன்னேன் என்று ஞாபகமில்லை. சொன்னேனா?

கயிற்றை அவிழ்த்தபோது என் போனில் சரியாகப் பதினொன்று. தொப்பிக்காரர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "சொன்ன சொல் தப்பலம்மா" என்றார், பெருமையாக. அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

அப்புறம் மலை. அங்கி உலரட்டும் என்று ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது வளைவில் ஃபெர்மின் கஞ்சி முழுவதையும் என் செருப்பில் கக்கினான். நான்காவது வளைவில் ஒரு மாட்டு மந்தை, அவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை. போனில் பன்னிரண்டு ஆனதைப் பார்த்தேன். அதன் பிறகு பார்க்கவில்லை. அழுதேன், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றுகூட யோசிக்காமல்.

திரும்பிவிடலாம் என்றேன். இன்னொரு முறை எல்லாம் முடிந்த பிறகு போய் நிற்க என்னால் முடியாது. எவரார்தோ சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்: "திட்டு வாங்கணும்னா போய் வாங்கிக்கலாம், ஓதி. போகாம மட்டும் இருக்க வேண்டாம்." பின்னாலிருந்து ஒரு பிசுபிசுத்த கை என் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. நான் அடித்த அதே கை. இந்த மூன்று பேரும் இல்லாவிட்டால் நான் எங்கே போயிருப்பேன்?

ஊருக்குள் நுழையும்போது கோவில் மணி அடித்துக்கொண்டிருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஈர அங்கியோடும் அந்தச் செருப்போடும் ஓடினேன். படியில் ஃபேமியா, இடுப்பில் பிள்ளை. ரோட்டுல மறியல், ஃபேமியா, சத்தியமா அஞ்சு மணிக்கே கிளம்பினோம் என்று என்னென்னவோ உளறினேன்.

அவள் என்னை உச்சியிலிருந்து செருப்பு வரை பார்த்தாள்.

"ரெண்டாவது மணிதானே அடிச்சிருக்கு. எதுக்கு இப்படி ஓடிவர?"

எங்கள் ஊரில் பூசைக்கு மூன்று முறை மணி அடிப்பார்கள். மூன்றாவது அடித்தால்தான் ஃபாதர் வெளியே வருவார். நான் நம்பாமல் போனை நீட்டினேன். பன்னிரண்டே முக்கால். ஃபேமியா அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது அரசாங்கத்து மணியில்ல? நாங்க என்னைக்கு அதப் பாத்தோம்?"

கடவுள் மணி! எப்படி மறந்தேன்? ஏப்ரலில் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், அக்டோபர் கடைசியில் பின்னே இழுக்கும். எங்கள் மலையில் யாரும் எதையும் தொடுவதில்லை. சூரியன் சொல்வதுதான் மணி. கோவிலும் வயலும் கல்யாணமும் அதன்படிதான். ஆறு மாதத்துக்கு ஊரில் எந்த மணியைச் சொன்னாலும், கடவுள் மணியா அரசாங்க மணியா என்று கேட்டுக்கொள்வார்கள். பன்னிரண்டு வருட நகர வாசத்தில் அப்பாவின் அடக்கத்தை விட்டால், நான் ஊருக்குப் போனதெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் இறந்தோர் நாளுக்கும்தான், இரண்டு மணியும் ஒன்றாக இருக்கும் காலத்தில். கேட்க வேண்டிய ஒரே கேள்வியை நான் கேட்கவில்லை. அங்கே பதினொன்றே முக்கால்தான் ஆகியிருந்தது.

தொப்பிக்காரரும் நினைவுக்கு வந்தார். பத்து என்றார், அவர் பத்துக்கே அவிழ்த்தார். ஐயோ.

எலியாஸுக்கு ஈரம் காயாத அங்கியைப் போட்டோம். ஃபாதர் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அலறினான். ஞானத்தாய் யார் என்று ஃபாதர் கேட்டபோது நான்தான் என்றேன், கோவிலே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

வெளியே வந்ததும் ஃபேமியா என்னைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை நடுவில் நசுங்கினான். "கொமாத்ரே" என்றாள். பிள்ளையைப் பெற்றவளும் ஞானத்தாயும் அன்றிலிருந்து அப்படித்தான் ஒருவரையொருவர் கூப்பிட வேண்டும். அக்கா தங்கையாக இருந்தாலும்.

சாப்பாட்டின்போது, எந்த மணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, வழியெல்லாம் செத்துப் பிழைத்தேனே என்று சண்டை பிடித்தேன். அவள் என் தட்டில் இன்னும் இறைச்சி வைத்தாள்.

"சொல்லியிருந்தா ஒரு மணி நேரம் கழிச்சுக் கிளம்பியிருப்ப. அப்பா அடக்கத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உனக்கு இல்லாம போச்சு. அதான் இந்தத் தடவ நானே எடுத்து வச்சேன், அக்கா."

அதற்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை. அவளும் எழுந்துபோய் அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றாள்.

ஜூலை 22, திங்கள்

திரும்பும் வழியில் கயிறு இல்லை, லாரி இல்லை. குழாயில் தண்ணீரும் இன்னும் இல்லை. பேச வருவதாக யாரோ சொல்லியிருக்கிறார்களாம். ஃபேமியா வீட்டில் நிரப்பிக் கொண்டுபோன இரண்டு பெரிய கேன் தண்ணீரைத் தெல்ஃபினா வீட்டில் இறக்கினோம். தொப்பிக்காரர் அவள் அண்ணனாம். மன்னிப்புக் கேட்டேன். நகரத்துக்காரர்கள் எல்லாரும் ஒரு மணி நேரம் முன்கோபக்காரர்கள் என்றார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போட்டோ வந்திருக்கிறது. அங்கியில் கறை தெரியவில்லை. எங்கே இருந்தது என்று நீவெஸ் எல்லாருக்கும் விரல் வைத்துக் காட்டுகிறாள்.

செப்டம்பர் 19, வியாழன்

ஃபேமியா வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். அவள் மணிக்கு.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று கடிகாரத்தைப் பின்னே இழுத்தாயிற்று. சுவரில் இருப்பதை எவரார்தோ நாற்காலி போட்டு மாற்றினான். ஏழு மணிக்குப் போன்.

"உனக்கும் ஏழுதானே, கொமாத்ரே?" என்றாள். ஏழுதான் என்றேன். எலியாஸுக்குப் பல் வந்துவிட்டது, விரலைக் கடிக்கிறான் என்றாள். பின்னால் அவன் குரல் கேட்டது. பிறகு, ரெண்டாம் தேதி இறந்தோர் நாள், கல்லறையில் அப்பாவுக்கும் சேர்த்துப் பூசை, வரணும் என்றாள்.

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு. பதினொண்ணுன்னா பதினொண்ணு."

கல்லறைப் பூசை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டுக்குத்தான். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது இரண்டு மணியும் ஒன்றுதான்.

நான் எதுவும் கேட்கவில்லை. சரி, பதினொண்ணுக்கே வந்துடறேன் என்றேன்.