பிரியாணி தேக்சாவைத் தூக்கியது யார், பாய்?

பாய், இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாடியே சொல்லிவிட்டேன். நீங்கள் போனாலும் உங்கள் கதையில் வரும் துப்பறியும் சுல்தான் துரை இந்த பீச் ரயில் வண்டியை விட்டு இறங்கமாட்டார் என்று. யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சொன்னேன்.

இன்று காலை சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் இஞ்சி மரப்பா விற்கிறவர் பெட்டிக்குள் வந்தார். அந்தக் காரமும் வெல்லமும் மூக்கில் ஏறியதுமே நீங்கள் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

அந்த லண்டன் துப்பறிவாளரை நகல் எடுத்து உலகம் முழுக்கக் கதை எழுதியிருக்கிறார்களாம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான் நான்; ஆனாலும் அடித்துச் சொல்வேன், உங்களை மாதிரி கதை சொல்ல ஒருத்தன் கிடையாது. லண்டன்காரருக்குப் பைப் என்றால் நம்ம துரைக்கு இஞ்சி மரப்பா. சித்திரை வெயிலிலும் தலையில் குரங்குக் குல்லா. எந்த வழக்கும் ஒரு மரப்பா வாயில் கரைவதற்குள் முடிந்தாக வேண்டும். பாரிமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் நீங்கள், பூதக்கண்ணாடிக்கா பஞ்சம்?

துரைக்கு ஒரு உதவியாளும் உண்டு. தொப்பை, பெரிய வாய், சேலையூர்க்காரன். என்னைப் பார்த்துச் செய்த ஆள்.

“இன்னா பாய், எல்லாக் கதையிலும் நான்தான் மக்கா?” என்று கேட்டேன்.

“அண்ணாத்தே, துரை கண்டுபுடிப்பாரு, அவ்ளோதான். ஊருக்குச் சொல்றவன் உதவியாள்தானே? நீங்க இல்லேன்னா அவரு யாரு?”

பெட்டியே சிரித்தது. என் சத்தம்தான் பெரிசு.

கடைசி வழக்குக்கு மட்டும் ஒரு மரப்பா போதவில்லை. கீழ்க்கட்டளைக் கல்யாண வீட்டில், தம் போட்ட பிரியாணி, அண்டா மாதிரி பெரிய தேக்சாவோடு காணாமல் போகிறது. “மீதி நாளைக்கு” என்று கிண்டியில் நிறுத்தினீர்கள். மறுநாள் நீங்கள் வரவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் அவ்வளவுதான்.

பெட்டியில் ஆளுக்கொரு செல்போனில் குனிந்துகொண்டார்கள். உங்கள் பேச்சை எடுக்கவே ஆளில்லை. இரண்டாவது தடவையும் நீங்கள் போய்விடுவீர்கள் போலிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் எழுந்து நின்று கதையை நானே முடித்தேன்: தெருப் பூனைகள் எல்லாம் மாப்பிள்ளையின் சித்தப்பா கார் டிக்கியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன, அதைக் கவனித்தது துரை இல்லை, உதவியாள்!

“சும்மா இருங்கண்ணா,” என்றார் குரோம்பேட்டையில் ஏறும் டீச்சர். “அந்த மக்கா கண்டுபிடிச்சான்? இது பாய் கதையே இல்ல.”

தலைகள் மறுபடி செல்போனுக்குப் போயின.

“ஆஸ்பத்திரியில பாயே என் கையைப் புடிச்சுகினு சொன்ன முடிவு டீச்சர் இது!”

ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீங்கள் போட்டுக்கொடுத்த கண்ணாடி. “அப்போ சரி,” என்றார். “அந்த மக்குக்கும் ஒரு நாள் வரணும்ல.”

அன்றிலிருந்து தினம் ஒரு வழக்கு, சொல்வது நான். உங்களைவிட நன்றாகச் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை, பெட்டியில் பேசிக்கொள்கிறார்கள். உதவியாளை மட்டும் மறுபடி மக்காகவே வைத்திருக்கிறேன். அவனுக்குப் புத்தி வந்துவிட்டால் துரைக்கு என்ன வேலை?

உங்களிடம் மட்டும் ஒன்றை மறைக்க முடியாது, பாய். ஆஸ்பத்திரியில் நீங்கள் என் கையைப் பிடித்தது நிஜம். முடிவைச் சொன்னீர்கள் என்பது நான் கட்டிய கதை. தேக்சாவைப் பற்றி நீங்கள் மூச்சே விடவில்லை. “ஜன்னல் சீட்டு கிடைக்குதா, அண்ணாத்தே?” என்றுதான் கேட்டீர்கள்.