நோன்பு மாதத்தில் யார் ருசி பார்ப்பது?

அன்புள்ள செல்வம் அண்ணே,

நோன்பு மாதம் வந்துவிட்டது. நீங்கள் இல்லாத முதல் நோன்பு. லிட்டில் இந்தியாவில் நாம் சேர்ந்து நடத்திய மூலிகைத் தேநீர்க் கடையில் இப்போது நானும் என் மனைவியும்தான். பகலில் இருவர் வாயிலும் பச்சைத் தண்ணீர் படாது. அப்படியிருக்க, நேற்று மத்தியானம் பார்த்துத்தானா புது மருதம்பட்டை வந்து நிற்க வேண்டும்?

இந்த மாதம் முழுக்க ருசி பார்க்கிற வேலை உங்களுடையது. "நீ நோன்பைப் பாரு, பட்டையை நான் பாத்துக்குறேன்" என்பீர்கள்.

வேன்காரன் ஒரு பிடி பட்டையை என் கையில் கொடுத்தான். "பாய், சாப்பிட்டுட்டு வர்றேன். வந்ததும் பதில் வேணும். இல்லாட்டி அடுத்த கடைக்குப் போயிடும் லா." பழைய பட்டை தீரப்போகிறது. விட்டால் கடையில் நம் தேநீரே இருக்காது. கெட்டதை வாங்கினாலோ, நம்மை நம்பிக் குடிக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கொதிக்கவைத்து முகர்ந்தேன். மரவாசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூக்கை நம்பாதே, விழுங்கிய பிறகு தொண்டையில் வருவதுதான் நிஜம் என்று சொன்னவர் நீங்கள்தானே?

வேறு வழியில்லாமல் அண்ணிக்குப் போன் போட்டேன். நீங்கள் சுருண்டு விழுந்த இந்தக் கடைக்குள் அவர் அதற்குப் பிறகு காலே வைக்கவில்லை. சிங்கப்பூரின் வடகோடி உட்லண்ட்ஸிலிருந்து கிளம்பி வருவாரா? கூப்பிட்டதே தப்போ?

வேன் திரும்பி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தார். நீங்கள் விழுந்த இடத்தைப் பார்க்காமல் சுவரோரமாக நடந்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"வேணாம் தம்பி."

"எப்படி அண்ணி சொல்றீங்க?"

"டீயப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அவரு சட்டையத் துவைச்சவ நான். அந்த வாசம் இதுல இல்ல. காயாத துணி மாதிரி என்னமோ வருது."

வேனைத் திருப்பி அனுப்பினேனே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது. துக்கத்தில் சொன்ன வார்த்தையை நம்பிக் கடையைக் கெடுத்துக்கொண்டேனோ? பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்து, கஞ்சியைக்கூடத் தொடாமல் மிச்சத் தேநீரைக் குடித்தேன். மூக்கில் மரம். தொண்டையில் பூஞ்சணம். அழுகையே வந்துவிட்டது.

உடனே அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "ஒரு சட்டைய மட்டும் நான் இன்னும் துவைக்கல தம்பி."

அந்த வாசம் உள்ள பட்டை கிடைக்கும்வரை அலமாரி காலியாகவே கிடக்கட்டும். கிடைத்ததும் முதல் கோப்பை அண்ணிக்குத்தான். சட்டையிலிருந்து வாசம் ஒருநாள் போய்விடும் அண்ணே. கடையிலிருந்து போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
காசிம்