வாசலில் ஊற்றிய எண்ணெய்

தாராவி,
வெள்ளிக்கிழமை மாலை.

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு ரூபாவதி எழுதுவது. நானும் பெனிட்டாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். உங்கள் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன். கோபம் இருந்தாலும் ஜெபத்தை விடவில்லை.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் உடனே ஒரு வசனத்தைச் சொல்லி அடைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் நடுவில் புகுந்து பேச முடியாதல்லவா? அதனால்தான் நாளைக்குக் குவைத்துக்குத் திரும்புகிற காட்கோபர் அனந்த் தம்பி கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவனும் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவன்தான். அவன் லீவில் வரும்வரை அங்கே அவன் ஆக்கிய மீன் குழம்பைத்தான் தினமும் சாப்பிட்டீர்கள். அதில் எந்த ஆவியும் ஏறவில்லை போலிருக்கிறது!

பக்கத்து வீட்டு நூர் அக்காவுக்குக் கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. வலது மணிக்கட்டு. மாவு பிசைய முடியாது. வடாலா மெஸ்ஸுக்குப் போடுகிற சப்பாத்தி நின்றுபோய்விட்டது, மெஸ்காரன் வேறு ஆளைப் பிடித்துவிட்டான். அவள் வீட்டுக்காரர் இனாயத்துல்லா அண்ணன் ஒண்டியாகக் கிடந்து அல்லாடுகிறார்.

நீங்கள் குவைத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் செம்பூர் கூட்டத்தில் பேசிய ஊழியக்காரர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்நிய ஆவிகளுக்கு நடுவில் குடியிருந்தால் ஆசீர்வாதம் வாசலோடு நின்றுவிடும் என்றார். உங்கள் முகம் அன்றைக்கே மாறிவிட்டது. ஒரு பக்கம் நூர் அக்கா வீடு, மறு பக்கம் சண்முகவடிவு மதினி வீடு, நடுவில் நாம். விசா இழுத்ததற்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது உங்களுக்கு. கல்யாணமாகி நான் இந்த வரிசைவீட்டு சாலுக்கு வந்த நாளிலிருந்து அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறோம். அப்போதெல்லாம் அந்த ஆவிகள் எங்கே போயிருந்தன, அத்தான்?

கிளம்புகிற அன்று விடியற்காலை நான் உள்ளே உங்கள் கைப்பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது உங்கள் கையில் ஜெப எண்ணெய்க் குப்பி காலி. நம் வாசல் நிலையில்தான் பூசினீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வீட்டுக் கடப்பாக்கல் படியில் குப்பியோடு கவிழ்த்திருப்பீர்கள் என்று எவள் நினைப்பாள்? பொழுது விடிந்து நூர் அக்கா தண்ணீர்க் குடத்தோடு படியில் கால் வைத்தாள், அவ்வளவுதான். அவள் போட்ட அலறலில் கல்லிச் சந்தே கூடிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி போனில் உங்களிடம் சொன்னேன். ஐயோ, நானா காரணம் என்று பதறுவீர்கள் என்று நினைத்தேன். கர்த்தர் கிரியை செய்ய ஆரம்பித்துவிட்டார் என்றீர்கள். ஒரு பொம்பளை வழுக்கி விழுந்து எலும்பு முறிவதா ஆண்டவர் கிரியை?

கூத்து அதோடு நிற்கவில்லை. படியில் எண்ணெய் என்றதும் எல்லாரும் மதினியைத்தான் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை வாசலில் விளக்கு வைக்கிறவள் அவள்தானே. அவள் முருகன்மேல் சத்தியம் பண்ணினாள், யாரும் கேட்கவில்லை. சால் கமிட்டி வேல்ராஜ் அண்ணன் வந்து, இனி வாசலில் விளக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நம் ஜெபக் குழுப் பெண்களோ, பார்த்தாயா, விளக்கு அணைந்துவிட்டது என்று என்னிடம் வந்து சந்தோஷப்பட்டார்கள். எழுந்து போங்கள் என்று சொல்லிவிட்டேன். இனி அந்தக் குழு நம் வீட்டில் கூடாது.

நாட்டில் நடப்பது எனக்கும் தெரியும். எங்கேயோ யாரோ சபைமேல் கல் எறிந்தான் என்றால் எனக்கும்தான் பயமாக இருக்கிறது. அதற்கு மதினி என்ன பண்ணுவாள்? நூர் அக்கா என்ன பண்ணுவாள்? நம் ஆண்டவர் யார் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து சாப்பிட்டவர். அவர் பேரைச் சொல்லிக்கொண்டு நாம் பக்கத்து வீட்டுப் படியைப் பார்த்து நடுங்குகிறோம். நமக்கே வெட்கமாக இல்லையா?

முந்தாநாள் குழாயடியில் வைத்து இரண்டு பேரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். மதினி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவள் திட்டியது நியாயம், வாங்கிக்கொண்டேன். நூர் அக்கா திட்டவில்லை. எங்களைப் பார்த்து எதற்குப் பயந்தீர்கள், என்ன செய்தோம் என்று மட்டும் கேட்டாள். இனாயத்துல்லா அண்ணன், அவன் பெட்டியை நான் தலையில் வைத்து மெயின் ரோட்டுக்குச் சுமந்த நேரத்திலா ஊற்றினான் என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்த இடமே வேண்டாம், நம் ஆட்கள் மட்டும் இருக்கிற பில்டிங்குக்கு மாறு என்று போன வாரமும் சொன்னீர்கள். நான் வரமாட்டேன். இதை எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. இன்றைக்கு பெனிட்டா ஸ்கூல் விட்டு வந்தாள். நூர் அக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையால் சோறு தின்று வளர்ந்த பிள்ளை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இயேசுவின் இரத்தம் ஜெயம், இயேசுவின் இரத்தம் ஜெயம் என்று முணுமுணுத்துக்கொண்டே அவளைத் தாண்டி ஓடி வந்தாள். நூர் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று பிள்ளையைப் பிடித்துக் கேட்டேன். அந்த வீட்டில் பிசாசு இருக்கிறது, அப்பா வீடியோவில் சொன்னார் என்கிறாள். இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்குமாம்.

எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிள்ளை மனதில் நீங்கள் போட்டதை எந்த டாக்டரிடம் காட்டுவது? போட்டவர்தான் எடுக்க வேண்டும், அத்தான். இந்த ஞாயிறு இங்கே ஆராதனை முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுங்கள். நான் பெனிட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு நூர் அக்கா வாசலில் நிற்பேன், மதினியையும் கூப்பிட்டு வைப்பேன். அவர்கள் முகத்தைப் பார்த்து, பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி பேசுங்கள்.

கர்த்தர் அன்றைக்கு உங்கள் வாயைத் திறப்பாராக.

உங்கள்
ரூபாவதி