சிரிப்பை மட்டும் வெட்டச் சொன்னார்

நவ. 14, வெள்ளி

விடியலிலிருந்து மழை. உப்பளம் முழுக்கத் தண்ணீர். குவித்த உப்பு மட்டும் தார்ப்பாய்க்குள். தெருவில் முழங்கால் அளவு. வாங்க வேண்டியவை: மெழுகுவர்த்தி, கொசுவத்தி, அப்பாவுக்கு சுகர் மாத்திரை.

கவுன்சிலர் கஸ்தூரி அக்கா வந்தார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. போன தேர்தலில் அப்பாவைத் தோற்கடித்தவர். மாடியிலிருந்து போனில் வீடியோ எடுத்தேன். எதிர்வீட்டு வள்ளி வாசலில் நின்று, "ஓட்டு கேக்கறப்ப வூட்டுக்கே தண்ணி வரும்னு சொன்னியேக்கா. வந்துடுச்சு பாரு, அடுப்பங்கரை வரைக்கும்" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு போன் போட்டார், கொஞ்ச நேரத்தில் ஜேசிபி. வாய்க்கால் அடைப்பு எடுத்ததும் தண்ணீர் இறங்கியது.

நவ. 15, சனி

தூறல். துணி காயவில்லை.

வீடியோ விஷயம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பை மட்டும் வெட்டி, சோக இசை போட்டு, ஊர் மூழ்கும்போது கவுன்சிலர் சிரிக்கிறார் என்று எழுதித் தரச் சொன்னார். முழுதாகப் போட்டுக் காட்டினேன். வள்ளி பேசும் இடத்தில் அவர் வாயோரம் அசைந்தது. உடனே, "பொம்பள சிரிச்சா போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். அப்பா இப்படிப் பேசுகிறவர் இல்லை.

ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று ஊருக்காக அலைந்தவர். அலைச்சல் முகத்திலேயே தெரியும். அதைப் பார்த்து ஓட்டு விழும் என்று நம்பினார். பிரச்சாரத்தில் அவர் திட்டியதற்கெல்லாம் அக்கா சிரித்தார், ஜெயித்தார். திருப்பித் திட்டுகிறவரோடு சண்டை போடலாம். சிரிக்கிறவர் மேல் நாம் எறிந்தது பட்டதா என்றே தெரிவதில்லை. தோல்வியைவிட அதுதான் அரிக்கிறது போல. புரிகிறது. அதற்காக வெட்ட முடியாது.

நவ. 16, ஞாயிறு

வெயில். அப்பா மதியம் சாப்பிடவில்லை.

"எனக்குத்தான ஓட்டு போட்ட நீ?"

"ஆமாப்பா. மறுபடி நின்னாலும் உனக்குத்தான். இத மட்டும் வெட்டித் தர மாட்டேன்."

அப்பா எழுந்து அறைக்குள் போனார். ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தை மாலை வரை படித்தேன்.

நவ. 17, திங்கள்

வார்டு வாட்ஸ்அப் குழுவில் வேறு யாரோ டீக்கடையிலிருந்து எடுத்த வீடியோ. வள்ளி இல்லை, ஜேசிபி இல்லை, சிரிப்பு மட்டும். கீழே வசவுகள். அனுப்பியவர் அப்பா.

அந்தக் குழுவில் இதுவரை ஒரு வணக்கம்கூடப் போட்டதில்லை நான். என் வீடியோவை முழுதாகப் போட்டேன். அழிக்கவில்லை.

அப்பா குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாக போன் சொல்கிறது. பக்கத்து அறையில்தான் இருக்கிறார். மாத்திரை நேரம். தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறேன்.