தாம்பாளத்துத் தண்ணீர்

எஸ்றா அப்பாவுக்கு,

வெள்ளத்தில் நனைந்த நம் எஸ்றாவின் படம் சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பிய்த்துவிடாதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். தாம்பாளத்தில் அப்படியே ஊறட்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால், குடத்திலிருந்த ஆற்றுத் தண்ணீர் முழுவதையும் அதில் ஊற்றிவிட்டேன். துறைமுகத்திலிருந்து தாகத்தோடு வருவீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ அண்ணாச்சியைக் கையோடு கூட்டிவரப் போகிறேன். சோறு உறியில் இருக்கிறது.

கிருபாபாய்

படத்தை வெயிலில் வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று. “படம் போனா என்ன, புள்ள முகம் நெஞ்சுல இருக்குல்லா” என்று காலையில் சொன்னீர்கள். நான் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். யுத்தம் தொடங்கிய வருஷம் அவனை அடக்கம்பண்ணினோம். இப்போது யுத்தமே முடிந்துவிட்டது. என் நெஞ்சில் அவன் முகம் இல்லை. தினமும் படத்தைப் பார்த்துத்தான் ஞாபகம் வைத்திருந்தேன்.