வெட்டச் சொன்னவள்

ஜூலை 12, சனி

மில்லர்புரத்தில் எங்கள் சினிமாக் கூட்டம். டியூஷன் சென்டர் மாடி, எட்டுப் பேர், ஒரு மின்விசிறி. ஜப்பான் தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். தாத்தா என்பது நாங்கள் வைத்த பேர். தரையில் உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்துக்குக் கேமரா வைப்பாரே, அவர். ஹார்ட் டிஸ்க் என்னுடையது. சப்டைட்டிலும் நான் தேடியது. முடிந்து டீ குடிக்கும்போது பிளாரன்ஸ் சொல்கிறாள்: "ஏளா ஜெப்ஸி, நானும் ஒரு படம் எடுத்து முடிச்சிட்டேன்."

முடிச்சிட்டாளாம்! நான் ஆறு வருஷமாகக் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக்கொண்டு, என் குறும்படக் கதையை நாலாம் தடவை திருத்திக்கொண்டிருக்கிறேன். அவள் கப்பல் ஆபீஸில் பில் போடுகிறவள். தாத்தா யாரென்றே போன வருஷம் நான் சொல்லித்தான் தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

கோயில் முடிந்து அவள் வீட்டில் படத்தைப் பார்த்தேன். மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போன புருஷன் இன்று வருகிறான் என்று ஒருத்தி மீன் பொரிக்கிறாள். போன் வருகிறது. தோணி இனி வராது. கரண்டியை வைத்துவிட்டு அழுகிறாள். அவ்வளவுதான். நடித்தது பிளாரன்ஸின் அம்மா. மீன் கழுவும் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் போனை வைத்து எடுத்தாளாம். நான் ஆசையாய் வாங்கிய டிரைபாட் அவ்வளவு தாழ இறங்காது.

அழுகை மூன்று நிமிஷம், வெட்டே இல்லாமல். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். இவளுக்கு எப்படி வந்தது இது? எனக்கு ஏன் வரல? இத்தன படம் பாத்தது நானா அவளா?

ஜூலை 14

வேலை ஓடவில்லை. தாலி கட்டுகிற இடத்தில் பந்தியை ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். கொச்சியில் ஒரு குறும்பட விழாவுக்கு அனுப்பப் போகிறாளாம். "எது சரியில்லன்னு நீதான் சொல்லணும். ஒனக்குத்தான இதெல்லாம் தெரியும்."

சொன்னேன். "அம்மா அழுறத எடுத்துரு. முழுசா. தாத்தா மூஞ்சியக் காட்டமாட்டாரு. போன் வந்ததும் கொடியில காயுற புருஷன் சட்டையக் காட்டிட்டு முடிச்சிருவாரு."

அவ்வளவு பெரிய மனுஷரை முன்னால் நிறுத்திக்கொண்டு, படத்தின் உயிரை எடுக்கச் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன். அந்த மூன்று நிமிஷத்தை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது — அதுதான்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 5

மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் கையை ஆட்டி, "வெட்டி அனுப்பிட்டேன்!" என்று கத்தினாள். நானும் கையை ஆட்டினேன்.

செப்டம்பர் 20

கொச்சிக்குப் படம் தேர்வாகிவிட்டது. எப்படி?

செப்டம்பர் 21, ஞாயிறு

பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை. ஜப்பான் படத்து வாள்வீரர்களை அமெரிக்காக்காரர்கள் தங்கள் படத்தில் குதிரையேற்றித் துப்பாக்கி கொடுத்தார்கள். ஜெர்மனியில், ஈரானில், நம் வங்காளத்தில் என்று எத்தனை பேர் அந்தப் படங்களைப் பார்த்துத் தூக்கம் கெட்டிருப்பார்கள். தாக்கம் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். பாதி வயிற்றெரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் வயிறெரிந்து படம் எடுத்தார்கள். நான் என்ன செய்தேன்?

அக்டோபர் 25, சனி

கொச்சி. பிளாரன்ஸ் தன் அம்மாவோடு என்னையும் இழுத்துப் போயிருந்தாள். படத்தில் போன் வந்தது, அம்மா கேட்டார், அடுத்தது கொடியில் சட்டை. காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. அரங்கில் ஒரு இருமல் இல்லை. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும்தான்.

முதல் பரிசு! அழுகையைக் காட்டாமல் விட்ட துணிச்சலுக்கு என்றார் நடுவர். பிளாரன்ஸ் மேடையிலிருந்து என்னைக் காட்டி, "வெட்டச் சொன்னவ இவதான்" என்றாள். எல்லாரும் திரும்பிக் கைதட்டினார்கள். ஆறு வருஷமாக நான் ஏங்கிய கைதட்டல், கெடுக்க நினைத்ததற்குக் கிடைத்தது. எழுந்து கும்பிட்டேன். வேறு என்ன செய்ய?

திரும்பும் பஸ்ஸில் அவள் அம்மா மட்டும் கேட்டார்: "ஏளா ஜெப்ஸி, நான் அழுததக் காணுமே?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 8

வெட்டிய துண்டை பிளாரன்ஸிடம் வாங்கி அவள் அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். கடைசிவரை பார்த்தார். "நல்லாத்தான அழுதிருக்கேன்" என்றார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

பிளாரன்ஸ் அடுத்த படத்தையும் எடுத்துவிட்டாள். பென் டிரைவை என் கையில் வைத்து, "எத வெட்டணும்னு நீ சொல்லுளா. அப்பொறந்தான் மத்தவங்களுக்குக் காட்டுவேன். நாளைக்கு வாரேன்" என்று போய்விட்டாள்.

தரையோடு தரையாகக் கேமரா. ஆளில்லாத அறைகள். கொடியில் சட்டை, வேட்டி, துண்டு, மறுபடியும் சட்டை. யாரும் அழவே இல்லை. நான் சொல்லிக்கொடுத்த அத்தனையும் இருக்கிறது.

இரண்டு தடவை பார்த்தேன். ஓரிடத்தில்கூட எனக்கு வயிறெரியவில்லை. எரிந்துவிடாதா, ஆண்டவரே, என்று மூன்றாம் தடவையும் போட்டுப் பார்த்தேன்.